ஹாஸ்டல் ரேடியோ ஊமையான ராத்திரி!

உங்க ஹாஸ்டல்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கா? மானிட்டர் மேல துண்டு காயுது, சி.பி.யூ மேல யாரோ மேகி கிண்டின தட்டு இருக்கு... அந்த மாதிரி ஒண்ணு? அப்படின்னா உங்ககிட்ட ஒரு ரேடியோ ஸ்டேஷன் இருக்கு பாஸ்! காமெடி இல்லை, நிஜமாத்தான் சொல்றேன். ஐஸ்காஸ்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேரைப் போட்டா, அந்த டப்பா மெஷின் உங்க பிளாக் முழுக்க பாட்டு பாடும். அரை மணி நேர வேலைதான்.

ஆனா, ரேடியோ ஆரம்பிக்கிறது ஈஸி. அதுக்கு விடாம தீனி போடறதுதான் கஷ்டம். எங்கேருந்து எடுத்து, எந்த வரிசையில, எதை ப்ளேலிஸ்ட்ல சேர்க்கிறதுங்கிற இந்தச் சின்ன விஷயத்துல கோட்டை விட்டு, ஒரு பையனோட பரீட்சை ராத்திரியைக் கெடுத்தவன் நான். அந்தக் கதையிலேருந்தே ஆரம்பிக்கலாம்.

2007. எங்க காலேஜ் பேர் வேண்டாமே. ஹாஸ்டல்ல மூணு மாடியையும் லான் கேபிள்ல இணைச்சிருந்தோம். என் ரூம்ல இருந்த 256 எம்.பி. ராம் அசெம்பிள்டு மெஷின்தான் சர்வர். வினாம்ப்ல பாட்டு ஓடும். அதுல ஒரு ப்ளக்-இன் அந்தச் சத்தத்தை ஐஸ்காஸ்ட்டுக்கு அனுப்பும். ஐஸ்காஸ்ட் அதை எல்லா ரூமுக்கும் பிரிச்சுக் கொடுக்கும். முதல் மாசம் முழுக்க சினிமா பாட்டுதான். கெத்தா திரிஞ்சோம்.

அப்புறம்தான் ஒரு ஜூனியர் வந்து கேட்டான். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கிளாஸ்ல நடத்துற இங்கிலீஷ் காதுல விழுது, மண்டையில ஏறலை. "அண்ணா, பாட்டுக்கு நடுவுல எம்-1 பாடத்தைத் தமிழ்ல யாராவது சொன்னா கேட்டுப்போம்ணா" என்றான். அவன் ஒருத்தன் இல்லை, அந்த வருஷம் ஃபர்ஸ்ட் இயர்ல பாதிப் பேர் அந்தக் கேஸ்தான். எங்க பேட்ச்ல கணக்குல புலியான ரெண்டு பேரைப் பிடிச்சு, ஹெட்செட் மைக்ல பேச வெச்சு, ஆடாசிட்டியில ரெக்கார்ட் பண்ணினோம். ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம், மொத்தம் 41 பாடம். 64 கே.பி.பி.எஸ்.ல ஒரு பாடம் பத்து எம்.பி.கூட வராது. எல்லாம் ஒரு 512 எம்.பி. பென் டிரைவ்ல அடங்கிடுச்சு. என் ஹார்டு டிஸ்க்ல இடமில்லாததால (எல்லாம் படம்தான், வேறென்ன!) பென் டிரைவை அப்படியே சொருகி, அதிலேருந்தே ப்ளேலிஸ்ட்ல சேர்த்துட்டேன்.

தப்பு அங்கேதான்.

எம்-1 பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி. எட்டரை மணியிலேருந்து வரிசையா எல்லாப் பாடத்தையும் ஓட விடறதா அறிவிச்சிருந்தோம். ஆரம்பிச்சு விட்டுட்டு நான் மெஸ்ஸுக்குப் போயிட்டேன். என் ரூம்மேட் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுக்கணும்னு அந்த பென் டிரைவை உருவிட்டுக் கடைக்குப் போனான். திரும்ப வந்து பொறுப்பா சொருகியும் வெச்சான்... வேற போர்ட்ல. அதுவரைக்கும் 'ஜி' டிரைவா இருந்தது, இப்ப 'ஹெச்' டிரைவ். வினாம்ப் 41 ஃபைலையும் 'ஜி'யில தேடிப் பார்த்துச்சு. ஒண்ணுகூட இல்லை. ஒரு நொடியில 41-ஐயும் தாண்டி ஓடிப்போய்க் கம்முனு நின்னுடுச்சு.

கொடுமை என்னன்னா, கேட்கிறவங்களுக்கு எதுவுமே தெரியாது. 'கனெக்டட்'னு காட்டும், டைம் ஓடும், சத்தம் மட்டும் வராது. தங்க ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்திருக்காங்க. ஹெட்செட்டை மாத்திப் பார்த்திருக்காங்க. நான் சாப்பிட்டு, கீழே கதையடிச்சு, திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ரூம் வாசல்ல அந்தத் தம்பி நின்னுக்கிட்டிருந்தான். "அண்ணா, ரேடியோ ஊமையாயிடுச்சுண்ணா!"

நோட்பேட்ல ப்ளேலிஸ்ட் ஃபைலைத் திறந்து, 'ஜி'ன்னு இருந்த இடத்துல எல்லாம் 'ஹெச்' போட்டேன். பத்து செகண்ட் வேலை. ஓட ஆரம்பிச்சது. ஆனா போன நேரம் போனதுதான். அவன் அந்த செமஸ்டர்ல எம்-1 அரியர் வெச்சான். "ரேடியோவால இல்லைண்ணா, நான் முன்னாடியே படிச்சிருக்கணும்" என்று அவனே சொன்னான். எனக்கு உறுத்தல் போகலை.

இப்ப விஷயத்துக்கு வருவோம். ப்ளேலிஸ்ட்ல பாட்டு இருக்கிறதா நாம நினைச்சுக்கிறோம். கிடையாது. அதுல இருக்கிறது பாட்டோட விலாசம் மட்டும்தான். எம்3யூ ஃபைல் ஒண்ணை நோட்பேட்ல திறந்து பாருங்க, வரிக்கு வரி அட்ரஸ் இருக்கும். அந்த வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா, போஸ்ட்மேன் என்ன பண்ணுவார்? அதனால முதல் வேலை, ஓடப்போற ஃபைல் எல்லாத்தையும் சர்வர் மெஷினோட சொந்த டிஸ்க்ல காப்பி பண்ணுங்க. பென் டிரைவ், ஃப்ரெண்டோட லேப்டாப்ல ஷேர் பண்ணின ஃபோல்டர், இதெல்லாம் சோர்ஸா ஆகாது. காப்பி பண்ணிக்கிற வழி மட்டும்தான்.

சர்வருக்குள்ள என்ன நடக்குதுன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. ஐஸ்காஸ்ட்டுக்குப் பாட்டு போடத் தெரியாது! அது வெறும் டிஸ்ட்ரிப்யூட்டர். யாராவது ஒரு 'சோர்ஸ்' சத்தத்தைக் கொண்டுவந்து கொட்டணும். அது கேட்கிறவங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். கொட்டுற இடத்துக்கு 'மவுன்ட் பாயின்ட்'னு பேர். ஒரு மவுன்ட் பாயின்ட்ல ஒரு நேரத்துல ஒரே ஒரு சோர்ஸ்தான். ரெண்டாவது ஆள் வந்தா, 'இடம் காலி இல்லை'ன்னு திருப்பி அனுப்பிடும். இது தெரியாம, கல்ச்சுரல்ஸ் அன்னிக்கு ரெண்டு டீம் ஒரே மவுன்ட்ல நேரலை பண்ணப் போய், உள்ளே நுழைய முடியாத டீம், நுழைஞ்ச டீம் மேல பழி போட்டு, சண்டையாகி... அது வேற கதை.

இன்னொரு கதையும் இருக்கு. ஐஸ்காஸ்ட்டோட செட்டிங் ஃபைல்ல பாஸ்வேர்டு 'ஹேக்மீ'ன்னு இருக்கும். 'என்னை உடைச்சுக்கோ'ன்னு அர்த்தம்! மாத்தச் சொல்லித்தான் அப்படி வெச்சிருக்காங்க. நாங்க மாத்தலை. ஒரு நாள் காலையில எங்க ஸ்டேஷன்ல எதிர் பிளாக் பசங்க எங்களைக் கலாய்ச்சு ஒரு மணி நேரம் புரோகிராம் நடத்தினாங்க. நல்லாவே இருந்தது, அது வேற விஷயம்.

சரி, பாட்டு போடத் தெரிஞ்ச ஆள் யாரு? அவர் பேர் லிக்விட்சோப். பேரைப் பார்த்துப் பாத்திரம் தேய்க்கிற சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க. பிறந்த கதையைக் கேட்டா, நம்ம ஹாஸ்டல் கதை மாதிரியே இருக்கும். ஃப்ரான்ஸ்ல லியோன் நகரத்துல, எக்கோல் நார்மால் சுப்பீரியர் கல்லூரி. 2004 வாக்குல டேவிட் பெல்ட், சாமுவேல் மிம்ராம்னு ரெண்டு ஸ்டூடன்ட்ஸ். புரோகிராம் எழுதிக்கிட்டே சேர்ந்து பாட்டு கேட்கணும்னு ஆசை. ஒரு பெர்ல் ஸ்க்ரிப்ட் எழுதி 'கீக் ரேடியோ'ன்னு கேம்பஸுக்குள்ள ஆரம்பிச்சாங்க. அவங்ககிட்ட இருந்த பாட்டு கொஞ்சம்தான். ஆனா கேம்பஸ் நெட்வொர்க்ல மத்த மாணவர்கள் ஷேர் பண்ணின எம்பி3 ஏராளம். அதை எல்லாம் தேடிப் பட்டியல் போட ஒரு புரோகிராம். 'இந்தப் பாட்டைப் போடு'ன்னு கேட்க சாட் ரூம்ல ஒரு ரோபோ. நேயர் விருப்பம்தான், வேறென்ன! ராத்திரி ஆனா டெக்னோ மியூஸிக் மட்டும் ஓடணும்னு வேற ஆசை வந்துச்சு. ஒட்டுப்போட்ட புரோகிராம் தாங்கலை. அப்ப பார்த்து, கல்லூரியில சாஃப்ட்வேர் இன்ஜினீயரிங் பேப்பருக்கு ப்ராஜெக்ட் பண்ணணும். இதையே ப்ராஜெக்ட்டா ஆக்கிட்டாங்க. பேர் 'சவோனெட்'. ஃப்ரெஞ்சுல 'சவோன்'னா சோப். அன்னிக்குப் போட்ட பிரமாண்டத் திட்டத்துல முக்கால்வாசி காணாமப் போச்சு. தப்பிப் பிழைச்சு நின்னது லிக்விட்சோப். இன்னிக்கு வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கு. காலேஜ் ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கறவங்க காதுல இது விழுந்தா நல்லது!

லிக்விட்சோப்ல எல்லாமே 'சோர்ஸ்'தான். ஒரு ஃபோல்டரைக் காட்டினா, அதுல இருக்கிற எல்லாத்தையும் எடுத்துக்கும். எம்3யூ ஃபைலைக் காட்டலாம். நெட்ல இருக்கிற வேற ஒரு ஸ்ட்ரீமோட முகவரியைக் கொடுக்கலாம். உங்க மைக்கை நேரலையா உள்ளே விடலாம். நேயர் விருப்பத்துக்குத் தனி வரிசை வைக்கலாம். ஒவ்வொண்ணையும் செங்கல் மாதிரி அடுக்கி ஒரே ஸ்ட்ரீமா ஆக்கி ஐஸ்காஸ்ட்டுக்கு அனுப்பறதுதான் உங்க வேலை. நாலு பாட்டுக்கு ஒரு ஜிங்கிள் வேணுமா? ஒண்ணுக்கு நாலுன்னு விகிதம் சொன்னா போதும்.

ஃபோல்டரைச் சேர்க்கிறப்ப ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, வரிசை. லிக்விட்சோப் தானா விட்டா, பட்டியலைக் குலுக்கிப்போட்டு முழுசா ஒரு சுற்று வரும். சினிமா பாட்டுக்கு இது ஜோர். இன்னொரு மோடு இருக்கு. அதுல ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுக்கும். ஒரே பாட்டு ஒரு மணி நேரத்துல மூணு தடவை வந்தாலும் வரும். பாடத்துக்கு இந்த ரெண்டும் ஆகாது, 'நார்மல்'தான் வேணும். மேட்ரிக்ஸ்னா என்னன்னே சொல்லாம எவல்யூட்டைப் பத்திப் பேசினா பசங்க நிலைமை என்ன? 'நார்மல்'ல ஃபைல் பேருக்கு முன்னாடி 01, 02-ன்னு நம்பர் போட்டு வெச்சுக்கோங்க. வெறும் 1, 2-ன்னு போட்டா 1-க்கு அடுத்து 10 வந்து நிக்கும். அனுபவம்!

ரெண்டாவது, புதுசா சேர்க்கிறது. ஃபோல்டர்ல புது ஃபைல் போட்டதும் அது தானா பட்டியலுக்கு வந்துடும்னு நினைப்பீங்க. வராது. மறுபடி எப்பப் பார்க்கணும்னு நீங்கதான் சொல்லணும். ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் பார்க்கலாம், இத்தனை நொடிக்கு ஒரு தடவை பார்க்கலாம், இல்லைன்னா 'வாட்ச்' மோடுல போட்டா ஃபோல்டரைக் கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கிட்டே இருக்கும். ஹாஸ்டலுக்கு வாட்ச்தான் பெஸ்ட். பெரிய ஃபைலை நேரா அந்த ஃபோல்டர்லேயே காப்பி பண்ணாதீங்க, பாதி காப்பியிலேயே எடுத்து ஓட்டப் பார்க்கும். பக்கத்துல வேற ஃபோல்டர்ல காப்பி பண்ணிட்டு உள்ளே நகர்த்துங்க.

ஃபைல் பேரைத் தமிழ்ல வைக்கலாமா? தாராளமா. எம்3யூ ஃபைலை மட்டும் யூடிஎஃப்-8-ல சேவ் பண்ணுங்க. இல்லைன்னா கட்டம் கட்டமா தெரியும், ஃபைலும் கிடைக்காது.

சத்தத்தோட அளவையும் சொல்லணும். சினிமா பாட்டு அலறும். செல்போன்ல ரெக்கார்ட் பண்ணின சீனியர் முனகுவார். கேட்கிறவன் வால்யூமைக் கூட்டி வெச்சிருப்பான், அடுத்து குத்துப் பாட்டு வந்து காதைக் கிழிக்கும். 'ரீப்ளே கெய்ன்'னு ஒரு வசதி இருக்கு, ஒவ்வொரு ஃபைலும் எவ்வளவு சத்தம்னு அளந்து சமப்படுத்தும். போட்டு விடுங்க, புண்ணியமாப் போகும்.

இப்ப என்னை 2007-ல காப்பாத்தியிருக்கக்கூடிய சங்கதிக்கு வரேன். லிக்விட்சோப்ல ஒரு ப்ளேலிஸ்ட்டை மட்டும் நேரா ஐஸ்காஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லிப் பாருங்க. ஸ்டார்ட்டே ஆகாது! 'இந்த சோர்ஸ் கைவிடக்கூடியது'ன்னு சொல்லி நின்னுடும். முதல் தடவை பார்க்கிற எல்லாருக்கும் எரிச்சல் வரும். ஃபோல்டர் நிறையப் பாட்டு இருக்கே, என்ன கைவிடறது? ஆனா அது கேட்கிற கேள்வி வேற. ஃபைல் காணாமப் போனா? கெட்டுப் போயிருந்தா? யாராவது உருவிட்டுப் போனா? அப்ப என்ன பண்றதுன்னு முன்னாடியே சொல்லு, அப்புறம் ஆரம்பிக்கிறேன்னு அடம் பிடிக்குது. நம்ம ரூம்மேட்டைப் பத்தி அதுக்கு எப்படித் தெரிஞ்சதோ!

இதுக்கு வழி 'ஃபால்பேக்'. சோர்ஸ்களை முன்னுரிமை வரிசையில அடுக்கிடணும். முதல்ல நேரலை மைக். அது இல்லைன்னா பாடம். அதுவும் இல்லைன்னா பாட்டு ஃபோல்டர். கடைசியா, என்ன ஆனாலும் கைவிடாத ஒரே ஒரு ஃபைல். இந்தக் கடைசி ஃபைல் அதே மெஷின்ல இருக்கணும். ஆரம்பிக்கும்போதே லிக்விட்சோப் அதைச் சோதிச்சு வெச்சுக்கும். மேல இருக்கிறது எல்லாம் கவிழ்ந்தா இது ஓடும். ஊமை கிடையாது. இந்த எமர்ஜென்ஸி ஃபைலுக்குப் பதிலா வெறும் மௌனத்தை வைக்கவும் ஒரு சுருக்குவழி இருக்கு. சோம்பேறிங்க அதைத்தான் போடுவாங்க. போடாதீங்க. எங்க ஹாஸ்டல் பசங்க ஒரு மணி நேரம் கேட்டது அதைத்தானே!

நேரலைக்கு ஒரு குறிப்பு. லிக்விட்சோப் சாதாரணமா ஓடற பாட்டு முடிஞ்ச பிறகுதான் அடுத்த சோர்ஸுக்கு மாறும். நீங்க மைக்கைப் பிடிச்சு 'வணக்கம் நண்பர்களே'ன்னு சொல்லி நாலு நிமிஷம் கழிச்சு பாதிப் பேச்சுல உள்ளே போவீங்க. உடனே மாறணும்னா அந்த செட்டிங்கை ஆஃப் பண்ணணும். பேசிட்டு மைக்கை அணைக்க மறந்து டீ குடிக்கப் போற ஆளுங்களுக்கும் மருந்து இருக்கு. இத்தனை நொடி சத்தமே இல்லைன்னா அந்த சோர்ஸை ஒதுக்கிடுன்னு சொல்லலாம், தானா பாட்டுக்குத் திரும்பிடும். உங்க லேப்டாப்லேருந்து மைக்கை அனுப்ப 'பட்'னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போதும்.

ஸ்க்ரிப்ட் எழுதறதுக்கெல்லாம் பயமா இருக்கா? அஸுராகாஸ்ட்னு ஒண்ணு இருக்கு, அதுவும் ஃப்ரீ. உள்ளுக்குள்ள இதே லிக்விட்சோப், இதே ஐஸ்காஸ்ட். வெளியே மவுஸ்ல க்ளிக் பண்ற மாதிரி பக்கம். ஆனா அது கொஞ்சம் நல்ல மெஷினா கேட்கும், துண்டு காயற கேஸ் தாங்காது.

எத்தனை பேர் கேட்கலாம்? கணக்கு சிம்பிள். 128 கே.பி.பி.எஸ். ஸ்ட்ரீமை 100 பேர் கேட்டா 12.8 எம்.பி.பி.எஸ். ஹாஸ்டல் லானுக்கு இது கொசு. ஆனா வெளியே இன்டர்நெட்டுக்கு விட்டீங்கன்னா அப்லோடு மூச்சு வாங்கும். கேட்கிறவங்க செல் டேட்டாவும் ஒரு மணிக்கு 57.6 எம்.பி. கரையும். வெறும் பேச்சுதான்னா 'ஓபஸ்' கோடெக்ல 32 போட்டாலே தெளிவா இருக்கும். ஐஸ்காஸ்ட் கூட வர்ற செட்டிங்ல 100 பேர்தான் லிமிட், வேணும்னா ஏத்திக்கோங்க. காலேஜ் நெட்வொர்க் அட்மின்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. 8000-ம் நம்பர் போர்ட்டை அவர் அடைச்சு வெச்சிருந்தா, நீங்க என்ன தலைகீழா நின்னாலும் பக்கத்து பிளாக்குக்குப் போகாது.

அப்புறம், எதைச் சேர்க்கலாம் எதைச் சேர்க்கக் கூடாது? இந்த இடத்துல கொஞ்சம் சீரியஸ். நாங்க 2007-ல சினிமா பாட்டை இஷ்டத்துக்கு ஓட்டினோம். அது சரியில்லை. ஒலிப்பதிவுக்கு இந்தியாவில 60 வருஷம் காப்பிரைட். ரேடியோக்காரங்களுக்கு இருக்கிற சட்டப்படியான லைசென்ஸ், 31டி பிரிவு, நெட்ல ஸ்ட்ரீம் பண்றவங்களுக்குப் பொருந்தாதுன்னு 2019-ல பாம்பே ஹைகோர்ட் சொல்லிடுச்சு. அதனால சினிமா பாட்டு வேணும்னா உரிமை வெச்சிருக்கிறவங்ககிட்ட லைசென்ஸ் வாங்கணும்.

ஆனா பாட்டு இல்லாம என்ன ரேடியோன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. 2004 பிப்ரவரி 1-ம் தேதி தொடங்கின அண்ணா பல்கலைக்கழகத்தோட 90.4 அண்ணா எஃப்.எம்.மை எடுத்துக்கோங்க. கேம்பஸ் சமுதாய வானொலி. அக்கம்பக்கத்து ஜனங்க பேச்சுதான் அதுக்குப் பலமே. உங்க காலேஜ் பேண்ட் சொந்தமா போட்ட பாட்டு, ஊர்ல தாத்தா சொல்ற கதை, லேப் வைவாவுல கேட்கிற கேள்விகள்... எல்லாமே சோர்ஸ்தான். அரசு நாட்டுடைமை ஆக்கின எழுத்தாளர்கள் பட்டியலைப் பாருங்க. கல்கி, புதுமைப்பித்தன் எல்லாம் அதுல இருக்காங்க. நல்ல குரல் இருக்கிற பொண்ணோ பையனோ 'பொன்னியின் செல்வன்' படிச்சா, தினம் ஒரு அத்தியாயம்னு ஓட்டலாம். அஞ்சு பாகம்! மாசக்கணக்கில தாங்கும்.

எல்லாம் செட் பண்ணினதும் ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ரேடியோ ஓடிக்கிட்டிருக்கும்போதே பாட்டு ஃபோல்டரோட பேரை மாத்துங்க. மைக் வயரைப் பிடுங்குங்க. ரூம்மேட்டைக் கூப்பிட்டு, 'உன் இஷ்டத்துக்கு எதையாவது உருவுடா'ன்னு சொல்லுங்க. நீங்க வேற மாடியில ஹெட்செட்டோட உட்கார்ந்து கேளுங்க. ஐஸ்காஸ்ட் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பி வைக்கிறதால நாலஞ்சு நொடி பழசு ஓடும், பதறாதீங்க. அதுக்கப்புறம் எமர்ஜென்ஸி ஃபைல் வந்துடுச்சா? பாஸ்!

என் லேப்டாப்ல இன்னும் ஒரு ஸ்டேஷன் ஓடிக்கிட்டிருக்கு. அதோட எமர்ஜென்ஸி ஃபைல் நாலு நிமிஷம். கெய்லி-ஹாமில்டன் தியரம், தமிழ்ல. பின்னால மெஸ் தட்டு சத்தம்கூட லேசா கேட்கும். 2008-ல அரியரை க்ளியர் பண்ணின அன்னிக்கு சாயந்திரம், அந்தத் தம்பி என் ரூமுக்கு வந்து ஹெட்செட்டை மாட்டிக்கிட்டுப் பேசினது.